பிழைக்கு எழுதிய பதில்

மாணவர் தனியே உட்கார்ந்து செய்யும் இணையப் பயிற்சி ஒன்றை இன்று எந்த ஆசிரியரும் ஒரு மாலைக்குள் தயாரித்துவிடலாம். பத்து ‘பலவுள் தெரிக’ வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள், சரியென்றால் பச்சை, தவறென்றால் சிவப்பு, கடைசியில் மதிப்பெண். சிவப்பைப் பார்த்த மாணவர் அடுத்து என்ன செய்வார் என்பதற்கு மட்டும் அந்தப் பயிற்சியில் பெரும்பாலும் இடமிருப்பதில்லை. தானே கற்பதற்கென்று பாடம் செய்தவர்களின் வரலாற்றைப் புரட்டினால், அவர்களை ஆரம்பம் முதலே அலைக்கழித்த கேள்வி இதுதான் என்று தெரிகிறது. அஞ்சல், பொத்தான் வைத்த பெட்டி, அச்சுப் புத்தகம், கணிப்பொறி, இணையம் என்று ஊடகம் மாறிக்கொண்டே வந்தது. ஆசிரியர் பக்கத்தில் இல்லாத ஒரு மாணவர் தவறு செய்தால் அதற்கு யார், எப்போது, என்ன பதில் சொல்வது என்பதை எந்த அளவுக்கு யோசித்து வைத்தார்களோ அந்த அளவுக்குத்தான் அந்தப் பாடம் பயன்பட்டது. அந்த யோசனைக்குத்தான் உழைப்பும் செலவும் அதிகம். அதனால் சிக்கனம் பிடிக்க வேண்டிவந்த போதெல்லாம் முதலில் கைவிடப்பட்டதும் அதுவே.

1840 ஜனவரியில், நாட்டின் எந்த மூலைக்கும் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் முறை பிரிட்டனில் வந்தது. பாத் நகரில் சுருக்கெழுத்து கற்பித்துக்கொண்டிருந்த ஐசக் பிட்மன், தன் முறை முழுவதையும் ஒரே தாளில் அச்சிட்டு அதையும் ஒரு பென்னிக்கு வெளியிட்டார். கற்க விரும்பியவர்கள் பைபிளிலிருந்து சில வசனங்களைச் சுருக்கெழுத்தில் எழுதி அனுப்புவார்கள். அவை திருத்தப்பட்டுத் திரும்பி வரும். தொலைதூரக் கல்வியின் முன்னோடி என்று பிட்மனைச் சொல்வது அந்த அச்சுத் தாளுக்காக அல்ல. தானே படித்துக்கொள்ளும் கையேடுகள் அவருக்கு முன்பே ஏராளமாக இருந்தன. அனுப்பியது திருத்தத்தோடு திரும்பி வந்ததுதான் அவருடைய பங்கு. பிட்மன் முறையில் மெல்லிய கோடு ‘ப்’ என்றால், அதே கோடு அழுத்தி எழுதப்பட்டால் ‘பேட்’ (bat) என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் ஒலி. கற்பவருக்குத் தன் கோடு தடித்திருப்பது கண்ணில் படாது, தான் எழுதியது சரியென்றே நினைப்பார். இன்னொருவர் கண் பட்டால்தான் பிழை பிழையாகத் தெரியும். மாணவர் பெருகியபோது ஒருவரால் திருத்தி மாளவில்லை. 1843-இல் திருத்துவதற்கென்றே ஆர்வலர்களின் சங்கம் ஒன்று உருவானது. பாடத்தைப் பெருக்க அச்சகம் போதும், பதிலைப் பெருக்க ஆட்கள் வேண்டும் என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

ஆட்களின் இடத்தில் இயந்திரத்தை வைக்கும் முயற்சி 1920-களில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. உளவியலாளர் சிட்னி பிரெஸ்ஸி செய்த கருவியில் வினாவைக் காட்டும் ஒரு சாளரமும் நான்கு பொத்தான்களும் இருந்தன. தேர்வு முறையில் வைத்தால் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அடுத்த வினா வரும். கற்பிக்கும் முறைக்கு மாற்றினால், சரியான பொத்தானை அழுத்தும்வரை வினா நகராது. எத்தனை முறை அழுத்தப்பட்டது என்பதை ஓர் எண்ணி பதிவு செய்துகொள்ளும். பிட்மனின் மாணவருக்குத் திருத்தம் வந்துசேர நாட்கள் ஆயின. பிரெஸ்ஸியின் மாணவருக்கு அந்தக் கணமே தெரிந்தது. ஆனால் தெரிந்தது ‘இல்லை’ என்பது மட்டுமே. பொருளாதார மந்தம் சூழ்ந்த 1932-இல், போதிய ஆதரவு கிடைக்காத வருத்தத்தோடு இந்த வேலையை நிறுத்துவதாக அவர் எழுதினார். அவர் கைவிட்ட கருவி அப்படியொன்றும் அழிந்துவிடவில்லை. இன்றைய இணையப் பயிற்சிகளில் பெரும்பாலானவை, வண்ணத்தையும் ஒலியையும் கழித்துப் பார்த்தால், பிரெஸ்ஸியின் பெட்டிதான்.

உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் இந்த வரலாற்றில் வருவது இருபது ஆண்டுகள் கழித்து. 1953-இல் மகளின் நான்காம் வகுப்புக் கணக்குப் பாடத்தைப் பார்க்கப் போன அவர், குழந்தைகள் செய்த கணக்கு சரியா தவறா என்பது உடனே அவர்களுக்குத் தெரிவதில்லை, முடித்தவரும் முடிக்காதவரும் ஒரே வேகத்தில் இழுக்கப்படுகிறார்கள் என்ற இரண்டு குறைகளைக் கண்டார். அதிலிருந்து பிறந்ததுதான் அவருடைய கற்பித்தல் இயந்திரம். ஸ்கின்னருக்குப் ‘பலவுள் தெரிக’ பிடிக்காது; தவறான மூன்று விடைகளைப் படிக்கவைப்பதே தீங்கு என்று கருதினார். மாணவர் தன் விடையைத் தானே எழுத வேண்டும். எழுதியதும் அது கண்ணாடிக்கு அடியில் நகர்ந்து, மாற்ற முடியாதபடி ஆகி, பக்கத்தில் சரியான விடை தெரியும். பாடத்தை மிகச் சிறு படிகளாக நறுக்கினால் மாணவர் அநேகமாகத் தவறவே மாட்டார் என்பது அவர் கொள்கை. இந்தக் கட்டுரையின் வாதத்துக்கு எதிராக நிற்கக்கூடிய மிக வலுவான மறுப்பும் இதுதான். தவறே நேராதபடி பாடத்தை அமைக்க முடியுமென்றால் தவறுக்குப் பதில் எழுதுவானேன்? இதை லேசாகத் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் தவறுக்கான பொறுப்பை மாணவர் தலையிலிருந்து எடுத்துப் பாடம் எழுதியவர் தலையில் வைத்தது ஸ்கின்னர்தான். ஆனால் தவறு நேராத படிகளை அவர் எப்படிக் கண்டடைந்தார்? வரைவை மாணவர்களிடம் கொடுத்து, எங்கெல்லாம் தவறினார்களோ அங்கெல்லாம் திருத்தி எழுதித்தான். தவறான விடைகளை அவரும் படித்தார். பதிலை மாணவருக்குச் சொல்லாமல் பாடத்துக்குள்ளேயே கரைத்துவிட்டார். அவரைப் பின்பற்றிய பலர் அந்த உழைப்பை விட்டுவிட்டு, கோடிட்ட இடமும் சிறு படியுமாக வெளித்தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கலைக்களஞ்சியம் விற்றவர்கள் இத்தகைய பெட்டிகளையும் வீடு வீடாகக் கொண்டுபோன 1960-களில், முந்திய வரியைப் பார்த்தாலே நிரப்பிவிடக்கூடிய கோடுகளை நிரப்பி நிரப்பி மாணவர்கள் சலித்துப் போனார்கள்.

அதே காலத்தில் நார்மன் கிரவுடர் வேறு வழியில் போனார். அமெரிக்க விமானப்படையில் மின்னணுக் கருவிகளின் கோளாறு கண்டுபிடிக்கப் பயிற்சி கொடுத்தவர் அவர். கோளாறு தேடுவதில் தவறான ஊகங்கள் வந்தே தீரும். அவற்றை ஒளிக்காமல் பாடத்தின் உறுப்பாக்கினார். டபுள்டே நிறுவனம் வெளியிட்ட அவருடைய டியூட்டர்டெக்ஸ்ட் புத்தகங்களை வரிசையாகப் படித்தால் ஒன்றும் புரியாது. ஒரு பக்கத்தில் சிறு விளக்கமும் ஒரு வினாவும் இருக்கும். ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் ஒரு பக்க எண். அந்தப் பக்கத்துக்குத் திருப்ப வேண்டும். பூச்சியம் அல்லாத எந்த எண்ணின் பூச்சிய அடுக்கும் ஒன்று என்ற பாடத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டின் பூச்சிய அடுக்கு பூச்சியம் என்று நினைத்தவர் ஒரு பக்கத்துக்குப் போவார், இரண்டு என்று நினைத்தவர் வேறொரு பக்கத்துக்குப் போவார். அடுக்கைப் பெருக்கலாக எண்ணியதுதான் முதலாமவரின் குழப்பம். அடுக்கே இல்லை என்று எடுத்துக்கொண்டது இரண்டாமவருடையது. இரண்டு பேரும் தவறியவர்கள்தான், ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே விளக்கம் உதவாது. அச்சுக் காகிதத்தில் இதைச் செய்து காட்டியதைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. இப்படி எழுதப்பட்ட புத்தகத்தில் சரியான விடை சொல்லிக்கொண்டே போகும் மாணவர் பாதிப் பக்கங்களைத் திறக்கவே மாட்டார். யாரோ ஒருவர் தவறினால் படிப்பதற்கென்று எழுதி வைத்த பக்கங்கள் அவை.

பதில் இல்லாத சுயகற்றல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 1973-இல் ஸ்டான்லி எர்ல்வாங்கர் வெளியிட்ட ஓர் ஆய்வைவிடத் துல்லியமான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் உருவான தனிநபர் கணிதப் பாடத்திட்டம் ஒன்றில் இரண்டாம் வகுப்பிலிருந்து படித்துவந்த, ஆய்வில் பென்னி என்று பெயர் மாற்றிச் சொல்லப்பட்ட பன்னிரண்டு வயதுச் சிறுவனைப் பற்றியது அது. தாளை வாங்கிச் செய்வான், விடைக்குறிப்போடு ஒப்பிடுவார்கள், 80 சதவீதம் தேறினால் அடுத்த தாள். அவன் நன்றாகவே முன்னேறிக்கொண்டிருந்தான்; ஆசிரியர் அவனை நல்ல மாணவனாகவே மதித்தார். எர்ல்வாங்கர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டபோதுதான் உள்ளே இருந்தது வெளியே வந்தது. பத்தில் இரண்டு என்ற பின்னத்தைத் தசமமாக்கினால் 1.2 என்றான்: இரண்டையும் பத்தையும் கூட்டினால் 12, நடுவே ஒரு புள்ளி. 0.3-ஐயும் 0.4-ஐயும் கூட்டினால் 0.07 என்றான். ஒவ்வொன்றுக்கும் அவனிடம் ஒரு விதி இருந்தது, தடுமாற்றமே இல்லாமல் சொன்னான். இதைவிடக் கவலை தருவது, விடைக்குறிப்பைப் பற்றி அவன் கொண்டிருந்த கருத்து. அரை என்பதை நான்கில் இரண்டு என்று எழுதினால் குறிப்போடு பொருந்தாது, தவறாகிவிடும். ஒரே விடையைப் பல விதமாகச் சொல்லலாம், குறிப்பு அதில் ஏதோ ஒன்றை மட்டும் ஏற்கும், எது என்று ஊகிப்பதே கணக்கு என்று அவன் முடிவுகட்டியிருந்தான். ‘தவறு’ என்று மட்டும் சொல்லும் பாடம் பிழையைத் திருத்தாமல் விடுவதோடு நிற்பதில்லை. கணக்கு என்றால் என்ன என்பது பற்றியே பிழையான ஒரு கொள்கையைக் கற்பித்துவிடுகிறது.

கணிப்பொறிக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுக்க முயன்றவர்களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ திட்டத்தினர் முக்கியமானவர்கள். டொனால்ட் பிட்சர் 1960-இல் இல்லியாக் கணிப்பொறியோடு இணைத்து ஒற்றை முனையத்தில் தொடங்கியது, 1972-க்குள் பிளேட்டோ நான்கு என்ற வடிவில் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் பிளாஸ்மா திரையும் தொடுதிரையும் கொண்ட வலையமைப்பாக வளர்ந்தது. கருவிகளைவிட என்னைக் கவர்வது, பாடம் எழுதுவதற்காக 1967-இல் பால் டென்சார் உருவாக்கிய டியூட்டர் என்ற மொழி. அதில் சரியான விடையைக் குறிக்க ஒரு கட்டளை இருந்ததைப் போலவே, எதிர்பார்க்கும் தவறான விடையைக் குறிக்கவும் ஒரு கட்டளை இருந்தது. அதன் கீழே அந்தத் தவறுக்கென்று ஒரு விளக்கத்தை எழுதலாம். மாணவர் ஒரு வாக்கியத்தைத் தட்டச்சிட்டால், எழுத்துப்பிழையான சொல்லுக்கு ஒரு குறி, பொருந்தாத சொல்லுக்கு வேறு குறி, இடம் மாறிய சொல்லுக்கு இன்னொன்று என்று அந்த வாக்கியத்தின் கீழேயே திரை அடையாளமிட்டுக் காட்டும். பாடம் எழுதியவர் எதிர்பாராத விடைகள் பதிவாகும். அவற்றைப் பிறகு படித்து, பாடத்தில் புதிய பதில்களைச் சேர்க்கலாம். பாடத்தின் நடுவிலேயே நிறுத்தி, எழுதியவருக்குக் குறிப்பு அனுப்பவும் மாணவருக்கு வழி இருந்தது. ஒரு மணி நேரப் பாடத்தை எழுத நூறு மணி நேரமும் அதற்கு மேலும் ஆகும் என்பது அக்காலத்தில் பரவலாகச் சொல்லப்பட்ட கணக்கு. அந்த நேரத்தில் பெரும்பங்கை விழுங்கியது இப்படிப்பட்ட பதில்கள்தான்.

இவ்வளவு உழைத்தும் பலன் என்ன என்று கேட்கலாம். 1970-களின் பிற்பகுதியில் வெளிவந்த மதிப்பீடுகளில், சமுதாயக் கல்லூரிகளில் பிளேட்டோ மாணவர்களுக்குப் பிடித்திருந்ததே தவிர, தேர்ச்சியில் சீரான உயர்வைக் காட்டவில்லை. தொடக்கப்பள்ளிக் கணிதத்தில் நல்ல பலன் தெரிந்தது. இந்த முடிவுகளை மறைக்கத் தேவையில்லை. பிளேட்டோவில் பாடம் எழுதியவர்கள் பலதரப்பட்டவர்கள். அதே மொழியில் சிலர் பதில்கள் நிறைந்த பாடங்களை எழுதினார்கள், வேறு சிலர் பக்கம் பக்கமாகப் படித்துத் தள்ளும் பாடங்களை எழுதினார்கள். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் கருவியின் சராசரி கிடைக்கும், வடிவமைப்பின் மதிப்பு கிடைக்காது. நல்ல கருவி தானாக நல்ல பாடத்தைத் தந்துவிடாது என்பதை அந்த மதிப்பீடுகள் காட்டுகின்றன என்றே நான் வாசிக்கிறேன்.

கருவியே அதிகம் இல்லாமல் இதைச் சாதித்தது பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 1969-இல் அரச சாசனம் பெற்று, 1971 ஜனவரியில் சுமார் 24,000 மாணவர்களோடு தொடங்கியது. வெளியுலகம் அதை ‘வான்வழிப் பல்கலைக்கழகம்’ என்றும் தொலைக்காட்சிப் பாடம் என்றும் நினைத்தது. மாணவர்களின் பெரும்பாலான நேரம் அச்சிட்ட பாட ஏடுகளோடுதான் கழிந்தது. சில பக்கங்களுக்கு ஒருமுறை ஒரு வினா குறுக்கிடும். அதற்கான விளக்கமான விடை ஏட்டின் பின்னால் இருக்கும். பல பாடங்களின் வரைவுகளை அச்சுக்கு முன் மாணவர்களிடம் கொடுத்துச் சோதித்து, அவர்கள் இடறிய இடங்களைத் திருத்தினார்கள். இவற்றுக்கு மேல், மாணவர் எழுதி அனுப்பும் ஒப்படைவுகளை ஒரு பயிற்றுநர் படித்து நீளமாகக் குறிப்பெழுதித் திருப்புவார். பயிற்றுநர் எழுதும் குறிப்புகளையே மாதிரிக்கு எடுத்து வேறொருவர் பார்ப்பார். மாணவரைத் திருத்துபவரின் வேலைக்கும் ஒரு மேற்பார்வை இருந்தது. அஞ்சல்வழிக் கல்வி என்ற பெயரில் கட்டுக் கட்டாகப் பாடத் தாள்களை அனுப்பிவிட்டு, ஆண்டுக் கடைசியில் தேர்வுக்கு அழைக்கும் வழக்கத்தோடு இதை வைத்துப் பார்த்தால், இரண்டிலும் தபால்காரர்தான் வருகிறார் என்பதைத் தவிர ஒற்றுமை ஏதுமில்லை.

பதிலை எழுதி வைத்தால் மட்டும் மாணவர் படித்துவிடுவாரா என்பது அடுத்த மறுப்பு. அதற்கும் சான்றுகள் உண்டு. திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஃபிரெட் லாக்வுட், ஏடுகளின் நடுவே வரும் பயிற்சிகளைப் பலர் தாண்டிப் போவதைக் காட்டினார். செலவாகும் நேரத்துக்கு ஈடாக என்ன கிடைக்கும் என்று மாணவர்கள் கணக்குப் பார்க்கிறார்கள். கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் 1990-களின் இறுதியில் உருவான ஹாட் பொட்டேட்டோஸ், உலகெங்கும் மொழி ஆசிரியர்கள் இணையப் பயிற்சி செய்யப் பயன்படுத்திய எளிய மென்பொருள். அதில் ஒவ்வொரு தவறான விடைக்கும் தனிப் பதில் எழுத இடம் இருந்தது. கோடிட்ட இடத்தில் தடுமாறினால் அடுத்த எழுத்தைக் காட்டும் ஒரு துப்புப் பொத்தானும் இருந்தது, அழுத்தினால் மதிப்பெண் குறையும். அந்தக் குறைப்பு தேவைப்பட்டதன் காரணத்தைக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணிதப் பயிற்சி மென்பொருள்கள் பற்றிய ஆய்வுகளில் பார்க்கலாம்: துப்புகள் படிப்படியாக வருமாறு வைத்திருந்தும், நடுவில் உள்ள எதையும் படிக்காமல் விடையே வெளிப்படும் கடைசித் துப்புவரை சில மாணவர்கள் வேகமாக அழுத்திக்கொண்டே போனார்கள். இதையெல்லாம் மாணவரின் சோம்பல் என்று தீர்ப்புச் சொல்லிவிடலாம், ஆனால் அது விளக்கமாகாது. மாணவர் செய்த தவறைத் தொடாத, எல்லோருக்கும் பொதுவான பதிலை இரண்டு முறை படித்தவர் மூன்றாம் முறை படிக்க மாட்டார். தன் விடையைப் பார்த்துத் தனக்கே எழுதியது போன்ற பதில் வந்தால் நின்று படிப்பதற்கு ஒரு காரணம் கிடைக்கிறது. இந்த மறுப்பு பதிலின் தேவையைக் குறைக்கவில்லை, பதிலின் தரத்துக்கான அளவைத்தான் உயர்த்துகிறது.

2011-இல் ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவுப் பாடம் இணையத்தில் இலவசமாக வந்தபோது சுமார் 1,60,000 பேர் பதிவு செய்தார்கள். முடித்தவர்கள் இருபதாயிரத்துச் சொச்சம். பின்னால் வந்த இத்தகைய பெருந்திரள் பாடங்கள் பலவற்றில் முடித்தவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. எட்டிப் பார்க்க வந்தவர்களையும் இதில் எண்ணக் கூடாது என்பது நியாயமே. ஆனால் காணொளி, வினா, தானியங்கி மதிப்பெண் என்ற அந்த அமைப்பில் பிட்மனின் திரும்பி வரும் கடிதம் எங்கே இருந்தது என்று தேட வேண்டும். அது பெரும்பாலும் சக மாணவர்களின் தோளில் வைக்கப்பட்டது. பாடத்தை ஒன்றரை லட்சம் பேருக்குக் கொண்டுபோவதற்கான செலவு ஏறத்தாழ மறைந்துவிட்ட காலத்திலும், பதிலின் செலவு அப்படியே நின்றது.

தமிழ்நாட்டுக்கு இந்த வரலாற்றில் சொந்தமான ஓர் அத்தியாயம் உண்டு, அது இணையத்தில் அல்ல, அட்டையில் நடந்தது. ஆந்திரத்தின் ரிஷிவேலியில் உருவான முறையைத் தழுவி, எம். பி. விஜயகுமார் ஆணையராக இருந்தபோது 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007 வாக்கில் மாநிலமெங்கும் அரசு தொடக்கப்பள்ளிகளுக்குப் போனது. சுவரில் கற்றல் ஏணி. அதில் தன் படியைப் பார்த்து, முயல், யானை போன்ற சின்னம் போட்ட அட்டையைத் தட்டிலிருந்து குழந்தை தானே எடுத்துக்கொள்ளும். அறிமுக அட்டை, வலுவூட்டும் அட்டை, மதிப்பீட்டு அட்டை. மதிப்பீட்டில் தடுக்கினால் குறைதீர் அட்டை. குறைதீர் அட்டை என்ற ஒன்றை முன்கூட்டியே அச்சிட்டு வைத்தது, கிரவுடரின் பக்கங்களுக்கு இணையான யோசனை. அதோடு, ஆசிரியர் முழுதாக உதவும் குழு முதல் தானே கற்கும் குழு வரை குழந்தைகள் பிரிந்து உட்கார்ந்தார்கள். அட்டையால் சொல்ல முடியாததைத் தரையில் உட்கார்ந்த ஆசிரியர் சொன்னார். ஆசிரியர் குறைவாகவும் வகுப்புகள் கலந்தும் இருந்த இடங்களில் அந்தக் குழுவே இல்லாமல் போய், அட்டை மாற்றுவது மட்டும் மிஞ்சியது என்ற குறையும் அப்போது எழுந்தது. குறை அட்டையினுடையது அல்ல.

உரையாடும் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, எந்தத் தவறுக்கும் அந்தக் கணமே பதில் சொல்லுமே, இனி இந்தக் கவலை எதற்கு என்பது இன்றைய மறுப்பு. பதிலின் செலவை உண்மையிலேயே குறைக்கும் முதல் கருவி அது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பென்னியிடம் எர்ல்வாங்கர் பதில் சொல்லவில்லை, எப்படி இந்த விடை வந்தது என்று கேட்டார். கேட்காமல் விளக்கத்தைக் கொட்டும் கருவி, 0.07 என்று எழுதிய சிறுவனுக்கு 0.7 என்ற விடையையும் அழகான விளக்கத்தையும் தந்துவிட்டுப் போகும்; புள்ளிக்குப் பின்னால் உள்ள இலக்கங்களைப் பெருக்கலில் செய்வது போல எண்ணிவைக்கும் அவன் விதி அப்படியே இருக்கும். எங்கே கேட்பது, எங்கே சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதை முடிவு செய்ய, அந்தப் பாடத்தில் பிள்ளைகள் எப்படியெல்லாம் தவறுவார்கள் என்று தெரிந்த ஒருவர் வேண்டும். தமிழில் இந்த அறிவு குறைவில்லை. ‘பல்லிக்குப் போனேன்’ என்று எழுதும் பிள்ளைக்கு ல, ள வேறுபாடு காதிலேயே விழவில்லையா, காதில் விழுந்தும் எழுத்து மறந்ததா என்பதை ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியர் இரண்டு கேள்வியில் கண்டுபிடிப்பார். முதலாவதற்கு ஒலிப்பயிற்சி, இரண்டாவதற்கு எழுத்துப் பயிற்சி. ‘அவர்கள் வந்தான்’ என்று எழுதுபவருக்கும் ‘அவர்கள் வந்தது’ என்று எழுதுபவருக்கும் ஒரே பதில் போதாது என்பதும் அவருக்குத் தெரியும். இணையப் பாடம் தயாரிக்கும் திட்டங்களில் காணொளிக்கும் படங்களுக்கும் செயலிக்கும் தனித்தனியாகப் பணம் ஒதுக்குகிறோம். பிள்ளைகளின் திருத்திய நோட்டுகளைக் கேட்டு வாங்கி, அவற்றில் உள்ள தவறுகளை வகைபிரித்து, ஒவ்வொரு வகைக்கும் பதில் எழுதுவதற்கு அந்த ஆசிரியர்களைச் சம்பளத்தோடு சில மாதங்கள் விடுவித்தால், அந்தப் பணத்தில் அது சிறு பகுதிகூட ஆகாது.